ஆய்வகத்தை விட்டால் எந்த நாற்காலி?

கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியம், கோயமுத்தூரில் உயிர்வேதியியல் பிஎச்.டி., அப்புறம் நாலு வருஷம் பிப்பெட். இப்போது கல்வி நிறுவன நிர்வாகத்தில் ஃபைல். பாலக்காட்டுக்கு 2015-ல் ஐஐடி வந்ததிலிருந்து "அண்ணா, நானும் நிர்வாகப் பக்கம் வரலாமா?" என்று ஊர்ப் பிள்ளைகள் கேட்கிறார்கள் (நான் இருப்பது வேறிடம்). எந்த நிர்வாகம் என்பதுதான் கேள்வி.

ஒன்று, ஆராய்ச்சித் திட்டங்களைக் கவனிக்கும் ஆர் அண்ட் டி ஆபீஸ். பெரும்பாலும் ஒப்பந்தம், வருஷாவருஷம் புதுப்பிப்பு. ஆனால் படித்த படிப்பு செல்லுபடியாவது இங்கேதான். ஒருமுறை ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டி அதைக் காட்டிக்கொடுக்கும் பொருள்) வாங்கிய பில் தணிக்கையில் நின்றுவிட்டது. ஒரே கம்பெனியிடம் ஏன், மற்ற கொட்டேஷன் எங்கே என்று குறிப்பு. பேராசிரியர் கொடுத்த சான்றில் ஒரே வரி. வேறு கம்பெனி ஆன்டிபாடி அதே புரதத்தில் வேறு இடத்தில் ஒட்டும், அதுவரை ஓட்டிய பிளாட் (blot) சோதனைகளோடு புது முடிவை ஒப்பிடவே முடியாது என்று ஒரு பக்கம் எழுதி வைத்தேன். அக்கவுன்ட்ஸ் சார் படித்துவிட்டு, "இது ஆத்யம் எழுதிக்கூடாயிருந்நோ?" (இதை முதலிலேயே எழுதியிருக்கக் கூடாதா?) என்றார். பில் பாஸ். மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனங்கள் கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பை 2025 ஜூனில் 2 லட்சமாக உயர்த்துவதற்கு முந்தைய கதை இது. வரம்பு கூடினாலும் யூசி (கொடுத்த பணத்தைச் செலவழித்ததற்கான சான்றிதழ்) போகாவிட்டால் அடுத்த தவணைப் பணம் வராது. மார்ச் முடிந்தால் அந்த ஓட்டம்தான்.

இன்னொன்று, உயர்கல்வி நிறுவனத்தில் உதவிப் பதிவாளர். நிரந்தரம். யுஜிசி விதிப்படி முதுகலையில் 55 சதவீதம் போதும்; டாக்டர் பட்டம் பெயர்ப்பலகைக்கு. தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100. 2023 ஜனவரியிலிருந்து ரிசர்ச் அசோசியேட்டுக்கே (பிஎச்.டி. முடித்தவருக்கான தற்காலிக ஆராய்ச்சி வேலை) 58,000 என்பதால் நிறையப் பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அந்த 58,000-க்கு மேல் வீட்டு வாடகைப்படி உண்டு, பஞ்சப்படி கிடையாது. 56,100-க்கு மேல் பஞ்சப்படி ஏறும், வருஷ இன்கிரிமென்ட் உண்டு. ஒப்பிடவே கூடாத இரண்டு எண்கள். இதில் குறை, எங்கே போடுவார்கள் என்பது நம் கையில் இல்லை. ஹாஸ்டல் மெஸ் டெண்டரில் மூன்று வருஷம் போகலாம்.

மூன்றாவதாக, கேரள பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) பரீட்சை வைத்து எடுக்கும் யூனிவர்சிட்டி அசிஸ்டென்ட். டிகிரி போதும். ஆனால் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மலையாளக் குறிப்பு எழுத வேண்டி வரும். பேச்சு மலையாளத்தோடு நின்றுவிட்ட நம் ஆட்களுக்கு முதல் வருஷம் கஷ்டம். பிஎச்.டி. முடித்தவருக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

முப்பது வயதுக்குள் இருந்தால் ஆர் அண்ட் டி ஆபீஸில் இரண்டு வருஷம் இருந்து பாருங்கள். வீட்டுக் கடனும் குழந்தையும் வந்துவிட்டால் யோசிக்காமல் உதவிப் பதிவாளர் பரீட்சைக்குப் படியுங்கள். ஒப்பந்த வருஷங்களை அனுபவமாக எடுப்பார்களா என்று அறிவிப்பில் வரிவரியாகப் பாருங்கள். சில இடங்களில் குறிப்பிட்ட சம்பள நிலையில் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பார்கள்.

எனக்கு 36. போன மாதம் உதவிப் பதிவாளர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அனுபவச் சான்றிதழில் சம்பள விவரம் சேர்த்துத் தரச்சொல்லி முன்பிருந்த ஆபீசுக்கு மூன்று மெயில் போட்டாயிற்று. திங்கட்கிழமை பஸ் ஏறி நேரிலேயே போகப்போகிறேன்.