தட்டை கம்பி செட்: கறி சுத்தல, கை மட்டும் சுட்டுச்சு

பீஃபும் வெங்காயமும் சுடுறதுக்குன்னே வாங்குனது இந்த செட். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மொத்தம் 10 கம்பி, ஒவ்வொண்ணும் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கம்மி, அகலம் ஒரு சென்டிமீட்டர், ஒரு நுனி கூர்மை, இன்னொரு பக்கம் பிடிக்க ஒரு வளையம். பார்சல் பிரிச்ச கையோட அஞ்சு ஸ்டார் போடுற ஆள் நான் இல்ல, வெயில் காலம் முழுக்க யூஸ் பண்ணிட்டுதான் எழுதுறேன்.

இதுக்கு முன்னாடி என்கிட்ட இருந்தது உருண்டை கம்பி. திருப்பினா கம்பி மட்டும் சுத்தும், கறி நகரவே நகராது, வெந்த பக்கமே மறுபடியும் தணலைப் பாத்து கருகும், மேல் பக்கம் பச்சையாவே இருக்கும். மூங்கில் குச்சியும் பாத்தாச்சு, அரை மணி நேரம் தண்ணில ஊறப்போட்டும் நுனி கருகி ஒடிஞ்சு, ரெண்டு துண்டு கரிக்குள்ளயே போயிடுச்சு. இந்த தட்டை கம்பில அந்த ரோதனையே இல்ல. நாலு பக்கமும் ஒரே மாதிரி செவக்குது, இதுக்காகவே வாங்கலாம்.

ஆனா டப்பா மேல போட்டிருக்குற போட்டோவ நம்பிடாதீங்க. ஒரு பீஃப், ஒரு வெங்காயம், ஒரு பீஃப்னு அழகா கோர்த்து வெச்சிருப்பாங்க. நானும் அப்படியே பண்ணி, வெங்காயம் நறுக் நறுக்குனு பச்சையா இருக்கேன்னு விட்டேன், அதுக்குள்ள கறி ரப்பராயிடுச்சு. 3 சென்டிமீட்டர் துண்டு பீஃப் நல்ல தணல்ல 8, 10 நிமிஷத்துல முடிஞ்சிடும், வெங்காயம் மெத்துனு ஆகி ஓரம் இனிக்கணும்னா அதுக்கு மேலயும் ஆகும், அதுவும் கொஞ்சம் அடங்குன சூட்டுல. இப்பல்லாம் வெங்காயத்துக்கு தனி கம்பி, அதுதான் முதல்ல அடுப்புல ஏறும். நறுக்கும்போது வேர் பக்கத்த முழுசா வெட்டி எறியாம அதோட சேத்து நாலா பிளந்தா இதழ் கழண்டு விழாது. கம்பி அகலமா இருக்குறதால சின்ன வெங்காயத்துல குத்தினா டப்புனு ரெண்டா பிளக்குது, அது இந்த செட்டோட மைனஸ்னே சொல்லலாம், பெருசா பாத்து எடுங்க.

கூடவே ஒரு ரெசிபி சீட்டு வருது, நிறைய எலுமிச்சை சாறு ஊத்தி ராத்திரி முழுக்க ஊறவைன்னு. செஞ்சேன். காலைல கறி மேல தொட்டா மாவு மாதிரி கொழகொழன்னு இருந்துச்சு, உள்ள ஒரு சொட்டு புளிப்பு கூட இல்ல. புளிப்பு மேலாக சில மில்லிமீட்டர்தான் போகும், உப்புதான் உள்ள இறங்கும். இப்ப ராத்திரி உப்பு, பூண்டு, மிளகு, எண்ணெய் மட்டும், எலுமிச்சை கடைசி ஒரு மணி நேரம். கம்பில கோர்க்குறதுக்கு முன்னாடி கறிய பேப்பர் டவல்ல ஒத்தி எடுங்க, ஈரத்தோட போட்டா செவக்காது, அவிஞ்சுதான் போகும், எண்ணெய் சொட்டி கரில தீ வேற கிளம்பும். கரி மேல வெள்ளை சாம்பல் பூக்குற வரைக்கும் பொறுமையா இருக்கணும், எனக்கு அதுதான் வர்றதில்ல. வெந்துடுச்சான்னு கண்ணால கண்டுபிடிக்க எனக்குத் தெரியாது, தெர்மாமீட்டர்தான், உள்ள 63 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கி 3 நிமிஷம் தொடாம விட்டுடுவேன்.

அந்த வளையம் இருக்கே, அழகுக்கு மட்டும்தான். ஸ்டீல்ல சூடு ஏறி வளையம் வரைக்கும் வந்துடுது, முதல் நாளே வெறும் கையால பிடிச்சு கட்டைவிரல்ல பாதி வட்டத்துக்கு கொப்புளம். இடுக்கியும் தடிமனான துணியும் இல்லாம கிட்ட போகாதீங்க. அந்த இடத்துல ஒரு மரக்கட்டை வெச்சிருந்தா முழு மார்க்கும் குடுத்திருப்பேன், இப்ப 4 ஸ்டார்.

கழுவுறது ஈசி, சூடு ஆறுறதுக்குள்ள ஊறப்போட்டா பிடிச்சதெல்லாம் வந்துடும். 10ல ஒண்ணு மட்டும் ரெண்டாவது தடவையே முறுக்கிக்கிச்சு, வித்தவங்ககிட்ட கேட்டா சூட்டுல அப்படித்தான் வளையும்னு பதில், மத்த ஒம்பதும் அதே சூட்டுலதானே இருந்துச்சுன்னு கேட்டதுக்கு அப்புறம் பேச்சே காணோம். அந்த ஒண்ணு இப்ப கரி கிளறுறதுக்கு இருக்கு.