இன்ஸ்டாகிராமா, வாட்ஸ்அப் பிசினஸா: வீட்டிலிருந்து பொடி விற்பவர்களுக்கு

வீட்டில் இட்லிப்பொடி, ஊறுகாய் போட்டு விற்கிறவர்களில் நிறையப் பேர் முதலில் இன்ஸ்டாகிராமில்தான் கணக்குத் திறக்கிறார்கள். தப்பில்லை, உங்களைத் தெரியாதவர் கண்ணில் பட அது நல்ல வழி. ரீல்ஸ் உங்களைப் பின்தொடராதவர்களுக்கும் போய்ச் சேரும். ஆனால் வாரத்துக்கு மூன்று நான்கு வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டிப் போட ஆள் வேண்டும், பொடி அரைக்கிற அதே கைதானே அதையும் செய்ய வேண்டும்?

சேலை, நகை என்றால் பார்த்ததும் ஆசை வர வேண்டும், அதற்கு இன்ஸ்டாகிராம் சரி. பொடி மாதாமாதம் தீர்கிற பொருள். அதனால் நான் வாட்ஸ்அப் பிசினஸைத்தான், அதாவது சிறு வியாபாரிகளுக்கான வாட்ஸ்அப் செயலியைத்தான், முதலில் சொல்வேன். அது தானாகப் புது ஆளைக் கொண்டுவராது, ஆனால் ஒருமுறை வாங்கியவரை விடாமல் பிடித்து வைக்கும். அதில் உள்ள கேட்டலாக்கில் (பொருள் பட்டியலில்) படம், விலை, எடை போட்டுவிட்டால் "பருப்புப்பொடி கால் கிலோ எவ்வளவு?" என்ற கேள்விக்கு லிங்க் அனுப்பினால் போதும்.

அப்புறம் ஒன்று. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் ஆட்களைச் சேர்த்தாலும், உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் செய்தி போகும். இது தெரியாமல் "யாருமே பதில் போடவில்லையே" என்று வருந்துகிறவர்கள் உண்டு. பொட்டலத்தோடு வைக்கும் சீட்டில் "எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று பெரிய எழுத்தில் அச்சடித்துவிடுங்கள்.