நெல்லை வந்தே பாரத்தும் வண்டலூர் அகழிகளும்

டோக்கியோவில் வசிக்கும் எனக்கு, வந்தே பாரத்தை அதிவேக ரயில் என்று சொல்ல மனம் வரவில்லை. ஜப்பானின் புல்லட் ரயிலான ஷின்கான்சென் 1964-இலேயே மணிக்கு 210 கி.மீ. வேகத்தில் ஓடியது. வந்தே பாரத்தின் வடிவமைப்பு வேகமே 180 தான். நம் தென்மாவட்டப் பாதையில் அதையும் எட்ட வழியில்லை. ஆனாலும் மூட்டுவலிக்காரரான அம்மாவுடன் திருநெல்வேலியிலிருந்து வந்த பிறகு, இந்த ரயிலை வாய்விட்டுப் பாராட்டுகிறேன்.

திருநெல்வேலிக்கும் சென்னை எழும்பூருக்கும் இடையிலான சுமார் 650 கி.மீ. தொலைவை எட்டு மணி நேரத்துக்குள் கடக்கிறது. நிறுத்தங்கள் குறைவு. தனி என்ஜின் கிடையாது. மோட்டார்கள் பெட்டிகளுக்கு அடியிலேயே இருப்பதால், நின்று கிளம்பியதும் வேகம் பிடித்துவிடுகிறது. அம்மாவுக்கு இதெல்லாம் பொருட்டில்லை. கதவு திறந்ததும் பிளாட்பாரத்தை நோக்கி நீளும் அந்தப் படிதான் அவருக்குப் பெரிது. யார் கையையும் பிடிக்காமல் ஏறினார். வந்தே பாரத்தை முதன்முதலில் உருவாக்கியது நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை என்பதில் எனக்கு அளவில்லாத பெருமை. ஒரே ஒரு எச்சரிக்கை: வழியனுப்ப வருபவர்கள் பெட்டியை வைக்கிறேன் என்று உள்ளே ஏறக் கூடாது. தானியங்கிக் கதவு மூடிக்கொண்டால் அடுத்த நிறுத்தத்தில்தான் இறங்க முடியும்.

தாம்பரத்தில் இறங்கி, சித்தப்பா வீட்டில் தங்கி, மறுநாள் காலை வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குப் போனோம். ரயிலில் டோக்கியோ முந்தியிருக்கலாம். இங்கே வண்டலூரின் பக்கம்தான் நான். டோக்கியோவின் உயெனோ உயிரியல் பூங்கா ஏறக்குறைய 14 ஹெக்டேர். வண்டலூரோ 602 ஹெக்டேர். சென்னையில் 1855-இல் தொடங்கி, பிறகு மூர் மார்க்கெட் பக்கம் நெருக்கடியில் இருந்த விலங்குக் காட்சிச்சாலை, 1985-இல் இந்தக் காட்டுநிலத்தில் திறக்கப்பட்டது.

இடம் பெரிது என்பதைவிட, அதைப் பயன்படுத்திய விதம்தான் என்னைக் கவர்ந்தது. பெரிய விலங்குகள் பலவற்றுக்கும் நமக்கும் நடுவே கம்பி இல்லை, அகழிதான் இருக்கிறது. அதற்கு அப்பால் மரமும் புதரும் உண்டு. புலி விரும்பினால் வெளியே வரும், இல்லாவிட்டால் நிழலில் மறைந்துகொள்ளும். நாங்கள் வெகுநேரம் நின்ற பிறகுதான் அது எழுந்து நடந்தது. பக்கத்தில் ஒரு குடும்பம் பொறுமையிழந்து கிளம்பிவிட்டது. எனக்கு அந்தக் காத்திருப்பு சரியாகவே பட்டது. பார்க்க வந்தவரின் அவசரத்துக்காக விலங்கின் மறைவிடத்தைப் பறித்தால் அது பழைய கூண்டுதான்.

நடக்க முடியாதவர்களுக்குப் பேட்டரி வண்டி இருக்கிறது. அது இல்லையென்றால் அம்மா நுழைவாயிலைத் தாண்டியிருக்க மாட்டார். மழைக்காலத்தை ஒட்டி வருபவர்கள் பூங்காவுக்குள்ளேயே இருக்கும் ஓட்டேரி ஏரிக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்; நீர்ப்பறவைகள் வந்திறங்கும் இடம் அது.

தெற்கிலிருந்து வருபவர்கள் எழும்பூர் வரை போகத் தேவையில்லை. தாம்பரத்தில் இறங்கிச் செங்கல்பட்டு செல்லும் புறநகர் ரயிலைப் பிடித்தால், பெருங்களத்தூருக்கு அடுத்தது வண்டலூர். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை.