பழைய ஆர்பிஜி பாக்லாக்: ஜப்பான் பக்கமா, மேற்குப் பக்கமா?

வாங்கி வைத்து ஆடாமல் கிடக்கும் பழைய ஆர்பிஜிகள், அதாவது கதைக்குள் ஒரு பாத்திரமாக இருந்து ஆடும் வீடியோ விளையாட்டுகள், என்னிடம் இரண்டு குவியலாக இருக்கின்றன. இப்படிச் சேர்ந்து கிடப்பதைத்தான் பாக்லாக் என்பார்கள். ஒன்று, அமெரிக்காவிலும் கனடாவிலும் கணினிக்காகச் செய்தவை: பால்டர்ஸ் கேட், பிளேன்ஸ்கேப் டோர்மென்ட், ஃபால்அவுட், மோரோவிண்ட். இன்னொன்று, ஜப்பானில் டிவியோடு இணைத்து ஆடும் கன்சோலுக்காகச் செய்தவை: குரோனோ டிரிக்கர், ஃபைனல் ஃபேன்டஸி வரிசை, டிராகன் குவெஸ்ட் வரிசை, சுய்கோடென். வேலை, வீடு எல்லாம் போக மிஞ்சும் நேரத்தில் இரண்டு குவியலையும் கரைக்க வழியில்லை. ஜப்பான் பக்கம் போனேன். ஏன் என்று இங்கே சொல்கிறேன். நடுநிலைத் தீர்ப்பு எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும்.

சுலபமான விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். விலையில் மேற்குக்குத்தான் வெற்றி. ஜிஓஜி, ஸ்டீம் போன்ற இணையக் கடைகளில் தள்ளுபடி வரும் நாளில் இரண்டு சினிமா டிக்கெட் காசுக்குள் மாதக்கணக்கில் ஆடும் சரக்கு கிடைக்கும். ஜப்பானியப் பழசுகளுக்கு, அதுவும் பேர் போனவற்றுக்கு, விலை அவ்வளவு இறங்காது. புதிய கணினியில் ஓடுமா என்ற பயம் பெரும்பாலும் போய்விட்டது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து விளையாட்டைக்கூட, அதை இன்றைய கணினியில் ஓட வைக்கும் டாஸ்பாக்ஸோடு சேர்த்தே கட்டித் தருகிறார்கள். படம் எப்படி என்றால், 1990களின் இருபரிமாணம் இரண்டு பக்கமும் இன்னும் அழகாகத்தான் இருக்கிறது, முதல் தலைமுறை முப்பரிமாணம் இரண்டு பக்கமும் கண்ணை உறுத்துகிறது. கதையில் எது உசத்தி என்பது அவரவர் ருசி.

எனக்கு முடிவைத் தீர்த்து வைத்த கேள்வி வேறு. ஒரு விளையாட்டைப் பாதியில் விட்டு மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தால், விட்ட இடத்தைப் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது? பாக்லாக் சேருகிற அளவுக்கு வாழ்க்கை ஓடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இந்த இடைவெளி தவறாமல் வரும். மாதக் கடைசிக் கணக்கு, ஊர்த் திருவிழா, வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல், ஏதோ ஒன்று. நான் பார்த்தவரை விளையாட்டுகள் பாதியில் நிற்பதற்குச் சலிப்பைவிட இதுதான் பெரிய காரணம்: இடைவெளிக்குப் பிறகு ஒருநாள் ஆசையாகத் திறப்போம், தலையும் புரியாது காலும் புரியாது, பத்து நிமிடத்தில் மூடிவிடுவோம். அடுத்த முறை திறக்கவே மனசு வராது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நிறுத்துவது எது எளிது என்று கேட்டால் மேற்குதான் முன்னால் நிற்கும். பால்டர்ஸ் கேட்டில் சண்டைக்கு நடுவில் தவிர, நினைத்த இடத்தில் சேவ் செய்யலாம். ஃபால்அவுட்டிலும் அப்படியே, ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஜப்பானியப் பழசுகளில் சேவ் பாயின்ட், அதாவது சேவ் செய்ய விடும் இடம், தேடி அலைய வேண்டும். டிராகன் குவெஸ்ட்டில் தேவாலயத்துப் பாதிரியாரிடம் போய் நின்றால்தான் சேவ். சமையலறையிலிருந்து கூப்பிடும் குரலுக்கு மேற்கத்திய விளையாட்டு உடனே வழி விடும், ஜப்பானியது விடாது. ஆனால் நிறுத்துவது வேறு, திரும்புவது வேறு. திரும்பும்போது கதை அப்படியே தலைகீழாகிறது.

மோரோவிண்டை எடுத்துக்கொள்வோம். 2002இல் வந்தது. எங்கே போக வேண்டும் என்று அம்புக்குறி காட்டும் வழக்கம் அதில் கிடையாது. ஊர்க்காரர்கள் வாயால் வழி சொல்வார்கள். ஊருக்குத் தெற்கே வெளியேறு, பாலத்தைக் கடந்து அந்தப் பக்கம் போ, இடிபாடு தெரியும் என்கிற மாதிரி. தொடர்ந்து ஆடும் வாரத்தில் இதைவிடச் சுகம் வேறில்லை. நிஜமாகவே ஒரு தீவில் வழி கேட்டு நடப்பதாகத் தோன்றும். கதையின் ஆரம்பத்திலேயே ஆர்க்ங்தாண்ட் என்ற பழைய இடிபாட்டுக்குள் போய் ஒரு புதிர்ப்பெட்டியை எடுத்து வரச் சொல்வார்கள். அதன் வாசலைத் திறக்கவே வெளியே குழாயில் இருக்கும் ஒரு திருகைத் தேட வேண்டும். மூன்று வாரம் கழித்து வந்து அந்தப் பாறைகளுக்கு நடுவில் நின்று பாருங்கள். ஜர்னல் இருக்கிறது, ஆனால் அது நாள்வாரியாக எழுதிய டைரி. ஒரே நாளில் நாலு பேர் சொன்ன நாலு வேலை அதில் கலந்து கிடக்கும். வேலைவாரியாகப் பிரித்துப் பார்க்கும் வசதி பிற்பாடு டிரைபியூனல் என்ற விரிவாக்கத்தோடுதான் வந்தது. அது வந்த பிறகும், அடுத்தவர் எழுதிய மளிகைக் கணக்கு நோட்டைப் படிப்பது போலத்தான் இருக்கிறது. எழுதியது நாம்தான் என்ற நினைப்பே வராது.

பால்டர்ஸ் கேட் 2 இன்னும் கடினம். 2000இல் வந்த இந்த விளையாட்டின் இரண்டாம் அத்தியாயம் அத்காட்லா என்ற பெரிய நகரத்தில் நடக்கிறது. கதை முன்னே போவதற்குப் பெருந்தொகை ஒன்று திரட்ட வேண்டும். அதைச் சாக்காக வைத்துத் தெருவுக்குத் தெரு ஒருவர் வந்து வேலை கொடுப்பார். ஒரு சாயங்காலத்தில் ஜர்னல் நிரம்பிவிடும். நம் கூட்டத்தில் இருப்பவர்களுக்கும் சொந்த வேலைகள் உண்டு. சிலர் அதைத் தள்ளிப் போட்டால் கோபித்துக்கொண்டு கிளம்பிப் போய்விடுவார்கள். இதெல்லாம் போக, விளையாட்டின் அடியில் இருப்பது டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் இரண்டாம் பதிப்பு விதிகள். நம்மை அடிப்பது எவ்வளவு கடினம் என்று காட்டும் கவச எண் குறையக் குறைய நல்லது என்பதில் தொடங்கி எல்லாமே தலைகீழ்க் கணக்கு. ஆறு பேர், அதில் இரண்டு மூன்று மந்திரக்காரர்கள், ஒவ்வொருவரும் முன்கூட்டியே நினைவில் ஏற்றி வைக்க வேண்டிய மந்திரங்கள். எந்த மந்திரத்தை எந்த எதிரிக்காக ஏற்றி வைத்தோம் என்பது இடைவெளிக்குப் பிறகு யாருக்கு ஞாபகம் இருக்கும்? சேவ் கோப்பு எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கும். நம் தலைதான் வைத்திருக்காது.

பிளேன்ஸ்கேப் டோர்மென்ட் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அதன் நாயகன் நினைவு அழிந்து பிணவறையில் கண் விழிக்கிறான். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை முன்பே தன் முதுகில் பச்சை குத்தி வைத்திருக்கிறான். ஒரு மாதம் கழித்து அந்த விளையாட்டுக்குத் திரும்புகிறவருக்கும் இதே நிலைதான், பச்சைதான் இல்லை. அதில் சண்டை குறைவு, பேச்சுதான் பிரதானம். யார் யாரிடம் என்ன பொய் சொன்னோம், எந்தப் பெயரைக் கொடுத்தோம் என்பதெல்லாம் நினைவில் இருந்தால்தான் பேச்சு ருசிக்கும்.

இப்போது நான் தேர்ந்தெடுத்த பக்கம். குரோனோ டிரிக்கர் 1995இல் வந்தது. முழுக்க முடிக்க இருபது இருபத்தைந்து மணி நேரம் ஆகும். எப்போது திரும்பி வந்தாலும் மூன்று பேர் கூட்டம், ஒவ்வொருவருக்கும் பெயரைப் பார்த்தாலே புரிகிற சில வித்தைகள், அடுத்து போக வேண்டிய இடம் ஒன்று. முதல் சண்டையிலேயே கை பழகிவிடும். காலத்தின் முடிவு என்று ஓர் இடம் உண்டு, அங்கே விளக்குக் கம்பத்தடியில் ஒரு கிழவர் நிற்பார். கதை கடைசிக் கட்டத்தில் விரிந்து பல கிளைகளாகப் பிரியும்போது, எந்தக் காலத்தில் யாருக்கு என்ன பாக்கி இருக்கிறது என்று அவரே குறிப்புக் கொடுப்பார். இடைவெளி விட்டு வருகிறவருக்காகவே நிறுத்தி வைத்த ஆள் மாதிரி எனக்குத் தோன்றும்.

டிராகன் குவெஸ்ட் 5இல் இதே உதவி வேறு வடிவில் கிடைக்கிறது. 1992இல் சூப்பர் ஃபாமிகாம் என்ற கன்சோலில் வந்த விளையாட்டு. பின்னால் டிஎஸ் கருவிக்கும் கைபேசிக்கும் வந்த பதிப்புகளில் கூட வரும் ஆட்களோடு எப்போது வேண்டுமானாலும் பேச்சுக் கொடுக்கலாம். இப்போது நடந்ததைப் பற்றி, போகிற இடத்தைப் பற்றி, ஆளுக்கொரு கருத்து சொல்வார்கள். இரண்டு பேரிடம் பேசினால் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். சிறுவனாகத் தொடங்கி, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து சண்டை போடும் கதை என்பதால், எந்த இடத்தில் விட்டோம் என்பது அவ்வளவு எளிதில் மறப்பதும் இல்லை. கைபேசிப் பதிப்பை நிமிர்த்திப் பிடித்து ஒரே கையால் ஆடலாம். பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. பால்டர்ஸ் கேட்டும் கைபேசிக்கு வந்திருக்கிறது, ஆனால் அந்தப் பொடி எழுத்துக்கும் ஆறு பேரை விரலால் மேய்ப்பதற்கும் டேப்லெட்டாவது வேண்டும்.

இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்து மிகச் சுத்தமாக யோசித்தது 2004இல் வந்த போக்கிமான் ஃபயர்ரெட்டும் லீஃப்கிரீனும். சேவ் கோப்பைத் திறந்தவுடன் கடைசியாக நாம் செய்த சில காரியங்களைச் சின்னச் சின்னக் காட்சியாக ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் விளையாட்டு தொடங்கும். கன்சோல் விளையாட்டைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டரில் அவசரமாக ஆடிய வயதில் அதை எரிச்சலோடு தாண்டிவிட்டுப் போயிருக்கிறேன். இப்போது எல்லா ஆர்பிஜியிலும் அது இல்லையே என்று இருக்கிறது.

நிறுத்துவதில் இருந்த பழைய குறையையும் மறுபதிப்புகள் பெருமளவு அடைத்துவிட்டன. முதல் ஆறு ஃபைனல் ஃபேன்டஸிகளும் பிக்சல் ரீமாஸ்டராக வந்தபோது தானாக சேவ் ஆவதும், எங்கே வேண்டுமானாலும் சட்டென்று சேவ் செய்வதும் சேர்ந்தன. 2023இல் வந்த கன்சோல் பதிப்பில் வழிமறிக்கும் சண்டைகளையே அணைத்து வைக்கலாம். ஃபைனல் ஃபேன்டஸி 9இன் கணினிப் பதிப்பிலும் அந்த வசதி இருக்கிறது, வேகமாக ஓட்டும் வசதியும் இருக்கிறது. இதெல்லாம் ஏமாற்று வேலை என்று தூய்மைவாதிகள் சொல்வார்கள். சரி, சொல்லட்டும். ஒரே மாதிரி முப்பது சண்டை போட்டு லெவல் ஏற்றுவதில் எந்தக் கலையும் எனக்குத் தெரியவில்லை.

ஜப்பான் பக்கம் எல்லாமே இப்படி என்று சொல்ல மாட்டேன். ஃபைனல் ஃபேன்டஸி 6இன் பின்பாதியில் உலகம் சிதைந்து, பறக்கும் கப்பல் கிடைத்தபின் யாரை எங்கே தேடுவது என்று யாரும் பிடித்துச் சொல்வதில்லை. அங்கே நடுவில் நிறுத்தாதீர்கள். எட்டாம் பாகத்தின் ஜங்ஷன் முறை, எந்த மந்திரத்தை எந்தத் திறனோடு கோத்தோம் என்று இடைவெளிக்குப் பிறகு திகைக்க வைக்கும். அப்புறம், தவறவிட்டால் திரும்பக் கிடைக்காத பொருள்கள் என்ற நோயும் இந்தப் பக்கம்தான் அதிகம். 2006இல் வந்த பன்னிரண்டாம் பாகத்தில் சோடியாக் ஈட்டி என்ற ஆயுதம் கிடைக்க, குறிப்பிட்ட நாலு பெட்டிகளைத் திறக்காமல் விட்டிருக்க வேண்டும். விளையாட்டில் எங்கேயும் அதைச் சொல்ல மாட்டார்கள். 2017 மறுபதிப்பில் அந்தக் கொடுமையை எடுத்துவிட்டார்கள்.

மேற்குப் பக்கத்திலும் விதிவிலக்கு உண்டு. 1997இல் வந்த முதல் ஃபால்அவுட் சின்னது, நாயகனிடம் இருக்கும் பிப்பாய் என்ற குறிப்புக் கருவியில் பாக்கி வேலைகள் ஒற்றை வரியாக வரிசையில் இருக்கும். தண்ணீரைச் சுத்திகரிக்கத் தேவையான கணினிச் சில்லைக் கண்டுபிடிக்க விளையாட்டுக் கணக்கில் 150 நாள் கெடு இருப்பதால் மனசு அலைபாயவும் இடமில்லை. அந்தக் குவியலில் இப்போதைக்கு ஒன்றை மட்டும் எடுக்கலாம் என்றால் அதைத்தான் எடுப்பேன். ஜப்பான் பக்கம் போனதில் நான் எதை இழக்கிறேன் என்பதும் அதில்தான் தெரிகிறது. ஃபால்அவுட்டின் பெரிய வில்லனை ஒரு குண்டுகூடச் சுடாமல், ஆதாரத்தைக் காட்டிப் பேசியே அவன் திட்டம் தோற்றுப்போனது என்று ஒப்புக்கொள்ள வைக்கலாம். குரோனோ டிரிக்கரில் முடிவுகள் பல இருந்தாலும் இப்படிப் பேசி மடக்கும் வாய்ப்பு கிடையாது. நாயகன் வாயே திறப்பதில்லை. தேர்வு முக்கியம், விளைவு முக்கியம் என்பவர்கள் நான் சொன்ன எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு மேற்கே போகலாம்.

என் அனுபவம் மெலிந்த இடங்களும் உண்டு. ஜெர்மனிக்காரர்களின் கோதிக் வரிசையில் ஆரம்பத்தைத் தாண்டவில்லை, அதனால் அது எந்தப் பக்கம் சாயும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். 1981இல் தொடங்கிய அமெரிக்க வரிசைகளான விசார்ட்ரி, அல்டிமா இரண்டையும் எட்டிப் பார்த்ததோடு சரி. யூஜி ஹோரி அந்த இரண்டிலிருந்தும் எடுத்துத்தான் 1986இல் டிராகன் குவெஸ்ட்டை உருவாக்கினார், ஆக இந்த இரண்டு குவியலுக்கும் வேர் ஒன்றுதான். கையில் காகிதம் வைத்து வரைபடம் போட்டு ஆடுகிறவருக்கு இடைவெளிப் பிரச்சினையே இருக்காது என்று தோன்றுகிறது. காகிதம் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

மோட் விஷயம் தனி. மேற்குப் பக்கத்தில் ரசிகர்கள் செய்த திருத்தங்கள் ஏராளம், சில விளையாட்டுகளை அவை இல்லாமல் ஆடவே கூடாது. 2004இன் வேம்பயர் பிளட்லைன்ஸ் இன்றும் உயிரோடு இருப்பதே அதிகாரபூர்வமற்ற பேட்ச்சின் புண்ணியத்தில்தான். ஆனால் மோரோவிண்டுக்கு எந்த மோட், எந்த வரிசையில் என்று படித்து ஏற்றி முடிக்கும்போது வார இறுதி முடிந்திருக்கும். அதுவும் ஒரு விளையாட்டுதான், பாக்லாக் மட்டும் குறையாது.

நீண்ட விடுப்போ, தினமும் இரண்டு மணி நேரமோ தொடர்ந்து கிடைக்கும் என்றால் பால்டர்ஸ் கேட் 2ஐ அப்போது எடுங்கள், அதற்குத் தகுதியான விளையாட்டு அது. கிடைத்தபோது ஆடுகிறவர்கள் குரோனோ டிரிக்கர், பிறகு டிராகன் குவெஸ்ட் 5, பிறகு சுய்கோடென் என்று போகலாம். சுய்கோடென் முதல் இரண்டு பாகமும் 2025 மார்ச்சில் ஒரே தொகுப்பாகப் புதுப்பித்து வந்திருக்கின்றன. எல்லோரும் இரண்டாவதைத்தான் புகழ்வார்கள், அதற்காக நேரே அதற்குத் தாவ வேண்டாம். முதல் பாகம் சின்னது, அதை முடித்த சேவ் இருந்தால்தான் அதன் நாயகன் இரண்டாம் பாகத்தில் வந்து உங்களோடு சேருவான்.