மூக்குக் குழாயா, வயிற்றுக் குழாயா, வாய்ச் சாப்பாடா?

தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு என்றால் பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாள் வீதம் 6, 7 வாரம். தொடக்கத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வாய்ப்புண் கிளம்பும், எச்சில் கெட்டியாகும், ருசி போகும். கீமோவும் சேர்ந்தால் வேதனை இன்னும் கூடும். எடை மளமளவென்று இறங்கும்போது டாக்டர் டியூப் வழியாக உணவு கொடுப்பது பற்றிப் பேச்சை எடுப்பார். எந்த டியூப் என்று வீட்டில் எல்லோரும் குழம்புவது அப்போதுதான்.

மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் ரைல்ஸ் டியூபை வார்டிலேயே சில நிமிடங்களில் போட்டுவிடலாம். செலவு குறைவு. தேவை முடிந்ததும் உருவிவிடலாம். ஆனால் ஏற்கெனவே புண்ணான தொண்டையில் இரவும் பகலும் அது உரசிக்கொண்டே இருக்கும். இருமலிலோ வாந்தியிலோ தூக்கத்தில் கை பட்டோ வெளியே வந்துவிடும். குழாய் மெல்லியது என்பதால், சரியாக வடிகட்டாத கேழ்வரகுக் கஞ்சியும் நன்றாகப் பொடிக்காத மாத்திரையும் அடைத்துக்கொள்ளும். மூக்கில் பிளாஸ்திரியோடு வெளியே போகக் கூசி, வீட்டுக்குள்ளேயே முடங்குகிறவர்கள் உண்டு. இதைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது.

பெக் டியூப் என்பது எண்டோஸ்கோபி உதவியோடு வயிற்றில் சிறு துளையிட்டுப் பொருத்துவது. 1980-இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்காக அறிமுகமான முறை இது. சட்டைக்குள் மறைந்துவிடும், மாதக்கணக்கில் தாங்கும், அடைப்பும் குறைவு. துளையைச் சுற்றிச் சீழ் பிடிப்பது, கசிவது ஆகியவை இதன் தொல்லைகள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

நாலைந்து வாரத்தில் தேறிவிடுவார் என்றால் ரைல்ஸ் போதும். அதற்கு மேல் இழுக்கும் என்று தெரிந்தால் பெக் நல்லது. எதில் ஊட்டினாலும் நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுங்கள், முடிந்ததும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுங்கள், அரை மணி நேரமாவது படுக்க விடாதீர்கள்.

இரண்டு குழாய்களையும் எடைபோடுவதிலேயே எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். எனக்குப் பெரிய கவலை மூன்றாவது வழியான வாய்ச் சாப்பாட்டைப் பற்றித்தான். பெக் வசதியானது, அதன் ஆபத்தும் அந்த வசதியில்தான் இருக்கிறது. வயிறு நிறைந்துவிடுவதால் வாயை மறந்துவிடுகிறோம். வேலையில்லாத விழுங்கு தசைகள் மெலிகின்றன. கதிர்வீச்சு பட்ட திசு ஒருபக்கம் தழும்பாக இறுகுகிறது. புண் ஆறிய பிறகும் சோறு இறங்காமல் போவதற்கு இவை முக்கியக் காரணங்கள். அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக் காலத்தில் வாயால் சாப்பிட்டு, விழுங்கும் பயிற்சியும் செய்தவர்களே வழக்கமான சாப்பாட்டுக்கு அதிகம் திரும்பினார்கள். இரண்டையும் விட்டவர்கள்தான் பின்தங்கினார்கள்.

ஆகவே குழாய் இருந்தாலும், ஸ்பீச் தெரபிஸ்ட் (பேச்சோடு விழுங்குவதற்கும் பயிற்சி தருபவர்) பார்த்துச் சரி என்று சொன்ன அளவுக்கு வாயாலும் விழுங்கட்டும். தொண்டையை இறுக்கி விழுங்குவது, நாக்கு நுனியைப் பற்களுக்கிடையே மெல்லப் பிடித்துக்கொண்டு எச்சிலை மட்டும் விழுங்குவது, மல்லாந்து படுத்துத் தோளைத் தூக்காமல் தலையை மட்டும் உயர்த்துவது போன்றவற்றை அவர்களே கற்றுத்தருவார்கள். கதிர்வீச்சு தொடங்கும் முன்பே ஆரம்பித்தால் இன்னும் நல்லது. விழுங்கும்போது வலி உயிரை வாங்குகிறது என்றால், சாப்பாட்டுக்கு முன் வலிமருந்து கேளுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதில் எந்தப் பயனும் இல்லை.

சாப்பாட்டில் ஒரு தப்புக்கணக்கு உண்டு. தண்ணீர்தான் எளிது என்று நினைத்து முதலில் அதைக் கொடுப்பார்கள். சிலருக்கு அதுதான் சிக்கல்: வேகமாக ஓடி, மூச்சுக்குழாயின் வாய் மூடிக்கொள்ளும் முன்பே அதற்குள் போய்விடும். கெட்டியான கஞ்சியும் குழைய மசித்த தயிர்சாதமும் அவர்களுக்குச் சுலபமாக இறங்கலாம். எச்சில் வற்றியவருக்கோ கெட்டியானது தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். யாருக்கு எது என்பதை, பேரியம் கலந்த உணவை விழுங்கவைத்து எக்ஸ்ரேயில் பார்க்கும் சோதனை காட்டிவிடும்.

இருமல் வரவில்லையே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. கதிர்வீச்சுக்குப் பிறகு தொண்டையின் உணர்ச்சி மங்கி, இருமலே இல்லாமல் உணவு நுரையீரலுக்குப் போவதுண்டு. சிகிச்சை முடிந்து வருடங்கள் கழித்தும் இது தலைகாட்டலாம். சாப்பிட்டதும் குரல் ஈரமாகக் கரகரப்பது, அடிக்கடி காய்ச்சல், சளி, காரணமில்லாமல் எடை குறைவது, ஒரு வேளைச் சாப்பாடு முடியவே வெகுநேரம் ஆவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும், அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்காமல் விழுங்கும் சோதனைக்குப் போய்விடுங்கள்.