உரிமத்தை மாற்றித் தருகிறேன் என்பவரிடம் கணினியைக் கொடுக்கும் முன்

பழைய கணினியிலிருந்த விண்டோஸ் உரிமத்தைப் புதிய கணினிக்கு மாற்றித் தருவதாகச் சொல்லிக் கட்டணம் வாங்கிய ஒரு பழுதுபார்ப்பவர், எதையும் மாற்றாமலேயே மாற்றிவிட்டதாக என்னை நம்பவைத்தார். உண்மை தெரிய ஏழு மாதங்கள் ஆயின. அந்த ஏழு மாதங்களும் என் வங்கிக் கணக்கையும் குடும்பத்தின் ஆவணங்களையும், பாதுகாப்பு வேண்டுமென்றே தளர்த்தப்பட்ட ஒரு கணினியில்தான் கையாண்டிருக்கிறேன். இதே வேலையை யாரிடமாவது கொடுக்க நினைத்திருப்பவர்களுக்காக நடந்ததை விரிவாக எழுதுகிறேன்.

என்னிடம் இரண்டு கணினிகள் இருந்தன. ஒன்று, பாகங்களைத் தனித்தனியே வாங்கிப் பொருத்திய மேசைக்கணினி. அதற்கென விண்டோஸ் 10 ப்ரோவைப் பெட்டியோடும், உரிமத்துக்கான 25 எழுத்துக் குறியீடான புராடக்ட் கீ அச்சிட்ட அட்டையோடும் முழு விலைக்கு வாங்கியிருந்தேன். மற்றொன்று, விண்டோஸ் நிறுவப்பட்டே வந்த மடிக்கணினி. மேசைக்கணினியின் மதர்போர்டு பழுதாகிவிட்டதால், இயங்குதளம் இல்லாத புதிய கணினி ஒன்றை வாங்கி, அதில் விண்டோஸ் நிறுவித் தரும்படி அவரிடம் கேட்டேன்.

"பழைய போர்டோட சேர்ந்து உங்க லைசென்ஸும் போயிடுச்சு சார், அது இனிமே வராது. ஆனா லேப்டாப்ல இருக்கறது சும்மாதானே கிடக்குது, அதை எடுத்துப் புதுசுல போட்டுத் தர்றேன்" என்றார். பல ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருப்பவர் சொல்கிறார் என்று நம்பினேன். அவர் சொன்ன இரண்டும் தவறு என்பதோடு, உண்மை அதற்கு நேர் எதிரானது என்பதும் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

விண்டோஸ் உரிமங்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. கணினித் தயாரிப்பாளர் நிறுவி அனுப்பும் ஓஇஎம் உரிமம், அது முதலில் நிறுவப்பட்ட கணினிக்கே உரியது. அந்தக் கணினி பயனற்றுப் போனால் உரிமமும் அதோடு முடிகிறது. தனியாக விலை கொடுத்து வாங்கும் ரீட்டெயில் உரிமத்தை, முந்தைய கணினியில் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு வேறொரு கணினிக்கு எடுத்துச் செல்ல விதிமுறை இடம் தருகிறது. மூன்றாவதாக, பெரிய நிறுவனங்கள் தம் கணினிகளுக்கு மொத்தமாகப் பெறும் வால்யூம் உரிமம் ஒன்றுண்டு. ஆக, செத்துவிட்டதாக அவர் சொன்ன என் மேசைக்கணினியின் உரிமம்தான் மாற்றத்தக்கது. மாற்றித் தருவதாகச் சொன்ன மடிக்கணினியின் உரிமம் ஒருபோதும் மாற்றக்கூடியது அல்ல. அந்தப் பெட்டியும் அட்டையும் என் அலமாரியிலேயே இருந்தன. அவற்றைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட வேலை அன்றே ஒழுங்காக முடிந்திருக்கும் என்பதுதான் இன்றும் என்னை வருத்துகிறது.

இரண்டு நாள் கழித்துக் கணினியைப் பெற்றுக்கொண்டேன். உரிமத்தை "எடுப்பதற்காக" மடிக்கணினியின் வட்டை முழுவதுமாக அழித்திருந்தார். கோப்புகளை நான் முன்பே பிரதி எடுத்து வைத்திருந்ததால் பெரிய இழப்பில்லை. புதிய கணினியின் அமைப்புகளைத் திறந்து, விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது, அதாவது உரிமம் ஏற்கப்பட்டுவிட்டது, என்ற வரியைக் காட்டினார். உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் ஆக்டிவேட் ஆகியுள்ளது என்று ஆங்கிலத்தில் இருந்த அந்த வரியை நானும் படித்தேன். வீட்டில் இருக்கும் கணினிக்கு எந்த நிறுவனம், எந்தச் சேவை என்ற கேள்வி எனக்கு எழவில்லை. ஆன்டிவைரஸ் எதுவும் போட வேண்டாம், கணினி மெதுவாகிவிடும் என்றும் அறிவுரை சொல்லி அனுப்பினார்.

சில வாரங்கள் கழித்து அந்த அறிவுரையை மீறி ஒரு ஆன்டிவைரஸை நிறுவினேன். எனக்குத் தெரியாத ஒரு கோப்புறையிலிருந்த நிரல் ஒன்றை அது உடனே பிடித்து ஒதுக்கியது. இணையத்திலிருந்து ஏதோ வந்திருக்கிறது போலும் என்று நினைத்து அப்போதே நீக்கிவிட்டேன். ஏறக்குறைய ஆறு மாதம் எந்தச் சிக்கலும் இல்லை. அதன் பின் ஒரு காலையில், விண்டோஸ் உரிமம் விரைவில் காலாவதியாகப் போகிறது என்ற அறிவிப்பு திரையில் தோன்றியது. விலை கொடுத்து வாங்கிய உரிமத்துக்குக் காலாவதி கிடையாது என்ற அளவுக்கு எனக்குத் தெரிந்திருந்ததால், அன்றுதான் முதன்முறையாகச் சந்தேகம் வந்தது.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து எஸ்எல்எம்ஜிஆர் என்ற கட்டளையோடு, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் டிஎல்வி என்ற எழுத்துகளும் சேர்த்து (slmgr /dlv) இயக்கினால் உரிமத்தின் முழு விவரமும் ஒரு சிறு சாளரத்தில் வரும். அதில் ஓஇஎம் என்றோ ரீட்டெயில் என்றோ இருக்க வேண்டிய இடத்தில் வால்யூம் கேஎம்எஸ் கிளையண்ட் என்று இருந்தது. கேஎம்எஸ் என்பது நிறுவனங்களுக்கான ஏற்பாடு. நிறுவனத்தின் சர்வர் ஒன்று தன் வலையமைப்பிலுள்ள கணினிகளுக்கு 180 நாள் செல்லுபடியாகும் அனுமதியை வழங்கும். கணினிகள் ஏழு நாளுக்கு ஒருமுறை அதைத் தொடர்புகொண்டு புதுப்பித்துக்கொள்ளும். குறைந்தது 25 கணினிகளாவது கேட்டால்தான் அந்தச் சர்வர் விண்டோஸ் கணினிகளுக்கு அனுமதி வழங்கவே தொடங்கும். என் வீட்டில் இருப்பது ஒன்று. சர்வரின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் 127 என்று தொடங்கும் முகவரி இருந்தது. அது ஒரு கணினி தன்னைத் தானே குறிப்பிடும் முகவரி. அதாவது, நிறுவனச் சர்வர்போல நடிக்கும் ஒரு நிரலை என் கணினிக்குள்ளேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆன்டிவைரஸ் பிடித்தது அதைத்தான். அன்றிலிருந்து புதுப்பித்தல் நின்று, 180 நாளும் கரைந்து, அறிவிப்பு வந்திருக்கிறது.

உரிமம் போனதைவிட என்னை அதிகம் கலங்கச் செய்தது வேறொன்று. விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு அந்த நிரலைத் தடுக்காமலிருக்க, சில கோப்புறைகளைச் சோதனையிலிருந்து விலக்கி வைத்திருந்தார். எங்கிருந்து இறக்கினாரோ, உள்ளே வேறென்ன இருந்ததோ, யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாத ஒரு நிரலுக்கு நிர்வாகி அனுமதி கொடுத்து, அதைச் சோதிக்க வேண்டாம் என்றும் கணினிக்குச் சொல்லியிருக்கிறார். அன்றே வேறொரு கணினியிலிருந்து எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினேன்.

மடிக்கணினியையும் சோதித்துப் பார்த்தேன். மைக்ரோசாஃப்ட் தரும் கருவியைக் கொண்டு யுஎஸ்பி ஒன்றைத் தயாரித்து விண்டோஸை மீண்டும் நிறுவினேன். அது கீ எதையும் கேட்கவில்லை. இணையத்தில் இணைந்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆனது. 2012இல் வந்த விண்டோஸ் 8 தொடங்கி, தயாரிப்பாளர்கள் கீயை மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரில் எழுதிவிடுகிறார்கள். வட்டை எத்தனை முறை அழித்தாலும் அது அங்கேயே இருக்கும். "எடுத்து" வந்ததாகச் சொன்ன உரிமம் அந்த மடிக்கணினியை விட்டு ஒரு கணமும் அகலவில்லை.

தொலைபேசியில் கேட்டபோது, மைக்ரோசாஃப்ட் ஏதோ அப்டேட்டில் விதியை மாற்றிவிட்டது, மறுபடி கொண்டுவந்தால் பாதிக் கட்டணத்தில் சரிசெய்து தருகிறேன் என்றார். 127 என்ற முகவரியைப் பற்றிக் கேட்டதும் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

அதன் பின் வேலையை நானே செய்தேன். வட்டை அழித்து விண்டோஸ் 11 ப்ரோவைப் புதிதாக நிறுவி, பெட்டியிலிருந்த விண்டோஸ் 10 ப்ரோ கீயைக் கொடுத்தேன்; அந்தக் கீயை 11 ஏற்கும், ஆனால் ஹோம், ப்ரோ என்ற பதிப்பு பொருந்தியிருக்க வேண்டும். முதல் முயற்சியில் ஆக்டிவேட் ஆகவில்லை. மேசைக்கணினியை என் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முன்பே இணைத்திருந்ததால், ஆக்டிவேஷன் பக்கத்திலுள்ள ட்ரபிள்ஷூட் வழியாகச் சென்று, வன்பொருளை அண்மையில் மாற்றியதாகத் தெரிவித்து, பட்டியலில் பழைய கணினியின் பெயரைத் தேர்ந்தெடுத்ததும் வேலை முடிந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

பழைய கணினி இன்னும் இயங்குகிறதென்றால், அது இயங்கும்போதே இந்தக் கணக்கு இணைப்பைச் செய்துவிடுங்கள். வட்டிலுள்ள தரவைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தினால் 48 இலக்க மீட்புக் கீ கேட்கும், அது கையில் இல்லையென்றால் தரவு போய்விடும். எஸ்எல்எம்ஜிஆர் கட்டளையோடு அதேபோல் யுபிகே சேர்த்து (slmgr /upk) இயக்கினால் பழைய கணினியிலிருந்து கீ நீங்கும். இது மைக்ரோசாஃப்டின் சர்வருக்கு எதையும் தெரிவிப்பதில்லை. ஆகவே "சர்வரிலிருந்தே விடுவித்துத் தருகிறேன்" என்று யாராவது தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வேறொருவரிடம்தான் கொடுக்க வேண்டும் என்றால், கணினியைத் திரும்பப் பெறும்போது உங்கள் முன்னிலையிலேயே மேலே சொன்ன டிஎல்வி கட்டளையை அவரை இயக்கச் சொல்லுங்கள். வால்யூம் என்ற சொல் தென்பட்டால் பணம் கொடுக்காதீர்கள். ரசீதில் உரிமத்தின் வகையை எழுதித் தரவும் கேளுங்கள். என் ரசீதில் "சாஃப்ட்வேர் இன்ஸ்டலேஷன்" என்ற இரண்டு சொற்கள் மட்டுமே இருக்கின்றன. கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்டபோது, இன்ஸ்டால் செய்து கொடுத்துவிட்டோமே என்று பதில் சொல்ல அவருக்கு அந்த இரண்டு சொற்களே போதுமானவையாக இருந்தன.