1000 கஜத்தில் எந்தக் குண்டு: 155 கிரெய்னா, 200 கிரெய்னா?

நெடுந்தொலைவு இலக்குப் போட்டிக்குத் துப்பாக்கி தேடுகிறவர்கள் முதலில் வேகத்தைத்தான் கேட்கிறார்கள். ஆனால் 1000 கஜத்தில் புள்ளியைப் பறிப்பது காற்று. தூரம் தெரிந்தால் குண்டு எவ்வளவு கீழே இறங்கும் என்பது கணக்கில் வந்துவிடும். காற்று, ஒரு சுடுதலுக்கும் அடுத்ததுக்கும் நடுவிலேயே மாறிவிடும். அமெரிக்க எஃப்-கிளாஸ் (துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, ஸ்கோப் வழியே படுத்துச் சுடும் நெடுந்தொலைவுப் போட்டி) இலக்கில் 10 புள்ளி வளையத்தின் விட்டம் 10 அங்குலம். குறுக்குக் காற்றை மணிக்கு ஒரு மைல் தவறாகக் கணித்தாலே 155 கிரெய்ன் (கிரெய்ன் என்பது குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டு சுமார் 8 அங்குலம் விலகும்; அதாவது வளையத்துக்கு வெளியே.

எஃப்-கிளாஸின் எஃப்-டிஆர் பிரிவில் .223 ரெமிங்டன், .308 வின்செஸ்டர் என்ற இரண்டு தோட்டா வகைகளுக்கு மட்டுமே அனுமதி. ஸ்கோப், பைபாட் (முன்பக்க இருகால் தாங்கி) எல்லாம் சேர்த்து எடை 8.25 கிலோவைத் தாண்டக் கூடாது.

.308-ல் 155 கிரெய்ன் வேகமாகக் கிளம்பும், தோளில் உதைப்பு குறைவு. ஆனால் வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். 200 கிரெய்ன் மெதுவாகக் கிளம்பினாலும் காற்றுத்தடையை நன்றாகத் தாங்கும். குண்டு எவ்வளவு நேரம் பறக்கிறது என்பதைவிட, தடையே இல்லாமல் பறந்தால் ஆகும் நேரத்தைவிட எவ்வளவு தாமதமாகிறது என்பதுதான் பக்கவாட்டு விலகலைத் தீர்மானிக்கும். அதனால்தான் மெதுவான கனக்குண்டு குறைவாக விலகுகிறது. இதற்கு விலை உதைப்பு. பைபாடுடன் துப்பாக்கி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பின்னால் நகர வேண்டும். படுக்கும் நிலை கொஞ்சம் கோணினாலும் குழுமம் (இலக்கில் குண்டுகள் பட்ட துளைகளின் கூட்டம்) சிதறும். .308-க்கான 168 கிரெய்ன் மேட்ச்கிங் (சியரா நிறுவனத்தின் போட்டிக் குண்டு) 600 கஜம் வரை அருமை. 1000 கஜத்தை நெருங்கும்போது ஒலியின் வேகத்துக்கு இறங்கி நிலை தடுமாறுவதால் அங்கே அது வேண்டாம்.

.223-ல் 80, 90 கிரெய்ன் குண்டுகள் உண்டு. உதைப்பு மிகக் குறைவு, நீண்ட போட்டியில் உடம்பு சோராது. ஆனால் தோட்டா சிறியது என்பதால் வெடிமருந்தில் சின்ன வித்தியாசமும் வேகத்தில் பெரிதாகத் தெரியும். தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்வதில் பொறுமை உள்ளவர்களுக்கே இது சரி.

எஃப்-கிளாஸின் இன்னொரு பிரிவான எஃப்-ஓப்பன் தனி உலகம். 10 கிலோ வரை எடை, முன் ரெஸ்ட் (துப்பாக்கியின் முன்பகுதியைத் தாங்கும் மேடை), .284 வின்செஸ்டரில் 180 கிரெய்ன் வகைக் குண்டுகள். காற்றில் .308-ஐ எளிதாக வெல்லும். குழல்தான் சீக்கிரம் தேயும்.

முதல் துப்பாக்கி வாங்குகிறவருக்கு என் பரிந்துரை .308, 185 கிரெய்ன். உதைப்பு அடக்கத்துக்குள் இருக்கும், காற்றிலும் 155-ஐ விட நன்றாகத் தாங்கும். நிலை பழகியபின் 200-க்குப் போகலாம். அதற்குக் குழலின் ரைஃப்ளிங் (குண்டைச் சுழலவைக்கும் உள்வரிகள்) இப்போதே ஒத்துவர வேண்டும்: 155-க்கு 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று போதும், 200-க்கு 10 அங்குலத்துக்கு ஒன்று தேவை. .223-ல் 90 கிரெய்ன் என்றால் 7 அங்குலத்துக்கு ஒன்று. குண்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ரைஃப்ளிங்கை மாற்ற வேண்டுமென்றால் புதுக் குழல்தான்.